ட்ரே பத்தின வரியை நான் எடுக்கல

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் வயித்துக்குள்ள பந்து விளையாடற அந்த வாண்டும் சுகமா இருக்கணும், அது போதும் எனக்கு. போன் இருக்கறப்ப எதுக்குக் கடிதாசின்னு நீ சிரிப்ப. போன்ல நீ அழற, நான் கத்தறேன், நடுவுல உங்கப்பா போனைப் பிடுங்கி சாப்பிட்டியா தூங்கினியான்னு கேட்டு விஷயத்தையே கரைச்சுடறார். எழுதினா நீ குறுக்க பேச முடியாது. முழுசாப் படி, படிச்சு முடிச்சதும் எவ்வளவு திட்டணுமோ திட்டிக்கோ, ஆனா கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிட்டுத் திட்டு.

ஞாயித்துக்கிழமை நீ சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஒரே ஒரு வரிதானேம்மா, அதை எடுத்துட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, பரீட்சையை எழுதிட்டு வந்து சேரும்மா, பிரசவத்துக்கு நீ பக்கத்துல இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னு கேட்ட. கேட்டுட்டு, அந்த வரியால யாருக்கு என்ன லாபம்னும் கேட்ட. முதல் கேள்வியைக் கடைசிக்கு வெச்சிருக்கேன். ரெண்டாவது கேள்விக்கு பதில் இருக்கு. உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், அதுவும் உங்கப்பா சொன்ன பாதி, அவர் சொன்னா தலையும் இருக்காது வாலும் இருக்காது. அதனால முதல்ல இருந்து சொல்றேன்.

நான் இப்ப போற வார்டுல முப்பத்திரண்டு கட்டில். காலை டூட்டிக்கு ரெண்டே நர்ஸ், அப்புறம் நர்ஸிங் மாணவிகள் நாங்க பதிமூணு பேர் முறை போட்டு மாறி மாறி வருவோம், அதுல நாப்பத்தேழு வயசுக்காரி நான் ஒருத்தி, மத்ததெல்லாம் இருபது வயசுக் குருவிங்க. வார்டு இன்சார்ஜ் சிஸ்டரை எல்லாரும் பெரியக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க காலையில ஆறு மணிக்கே வந்து அன்னிக்குப் போட வேண்டிய ஊசிக்கெல்லாம் தன் கையாலேயே சிரிஞ்சுல மருந்து ஏத்தி, வெள்ளை பிளாஸ்டரைக் கிழிச்சு ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டி, அதுல கட்டில் நம்பரை எழுதி, ஒரு ஸ்டீல் ட்ரேயில வரிசையா அடுக்கி வெச்சிடுவாங்க. மருந்து பேர் இருக்காது, ஆள் பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். ஏழு மணிக்கு நாங்க அந்த ட்ரேயைத் தூக்கிக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு கட்டில் கட்டிலாப் போய்ப் போட்டுட்டு வரணும். எட்டு மணிக்கு டாக்டர் ரவுண்ட் வர்றதுக்குள்ள ட்ரே காலியா இருக்கணும். எத்தனையோ வருஷமா அந்த வார்டுல அப்படித்தான். அதை யாரும் சொல்லிக்கூடக் குடுக்க மாட்டாங்க, போன முதல் நாளே கையில ட்ரே வந்துடும்.

வகுப்புல நாங்க என்ன படிக்கறோம் தெரியுமா? சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அலமாரியில இருந்து குப்பியை எடுக்கறப்ப ஒரு தடவை படி, ஏத்தறப்ப ஒரு தடவை படி, நோயாளி பக்கத்துல நின்னுக்கிட்டு இன்னொரு தடவை படி, இன்சுலினா இருந்தா கூட ஒரு நர்ஸைக் கூப்பிட்டு அளவைக் காட்டு, நீ ஏத்தாத மருந்தை நீ போடாதே. பார்மகாலஜி பரீட்சையில இதே கேள்வி வந்தது, பத்துக்குப் பத்து வாங்கினவ உங்கம்மா. உங்கப்பாதான் மருந்து பேரெல்லாம் அட்டையில எழுதி வெச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேப்பார். இப்ப பஸ் டிப்போவுல எஞ்சினுக்கு அடியில படுத்துக்கிட்டு ஃபுரோசமைடு ஃபுரோசமைடுன்னு முணுமுணுக்கறாராம், கூட வேலை செய்யறவங்க அவருக்கு டாக்டர்னே பேர் வெச்சுட்டாங்க. சிரிப்பு இருக்கட்டும். பத்துக்குப் பத்து எழுதின அதே கை மறுநாள் ட்ரேயைத் தூக்கிக்கிட்டு நம்பரைப் பார்த்துக் குத்திட்டுப் போச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு வாரம். ஏன் பெரியக்கா இப்படின்னு ஒரு தடவை வாயைத் திறந்து நான் கேக்கல. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா இதைச் சொல்லாம மத்ததைச் சொன்னா நான் யோக்கியக்காரி வேஷம் போடற மாதிரி ஆயிடும்.

அன்னிக்குப் புதன்கிழமை. ஏழாம் கட்டில்ல ரிடையர் ஆன தபால்காரர் ஒருத்தர், சுகர்காரர், கால் புண்ணுக்காக இருந்தார். பன்னெண்டாம் கட்டில்ல ஒரு தச்சர், ஹெர்னியா ஆபரேஷன் ஆகி மூணாவது நாள், அவருக்கு சுகரும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பேரெல்லாம் எழுத மாட்டேன், நோயாளி பேர் வார்டை விட்டு வெளிய போகக்கூடாது. பன்னெண்டாம் கட்டில்ல தலைப்பக்கத்தைத் தூக்கற கைப்பிடி உடைஞ்சு போய், தையல் போட்ட வயித்தோட தச்சரால எழுந்து உக்காரவே முடியலைன்னு, முந்தின நாள் சாயங்கால டூட்டிக்காரங்க ரெண்டு பேரையும் இடம் மாத்தியிருக்காங்க. நல்ல மனசோடதான் மாத்தினாங்க, ரிப்போர்ட் புக்குலயும் எழுதி வெச்சாங்க. ஆனா பெரியக்கா மருந்து ஏத்தறது சுவத்துல ஒட்டியிருக்கிற லிஸ்டைப் பார்த்து. அந்த லிஸ்ட்ல யாரும் மாத்தல. அதனால ஏழுன்னு ஒட்டின சிரிஞ்சுல பத்து யூனிட் இன்சுலின், ஏழாம் கட்டில்ல தச்சர். நான் அதுவரைக்கும் அந்தக் கோடி கட்டில்களைப் பார்த்துக்கிட்டு இருந்தவ, இந்தப் பக்கத்துக்கு அன்னிக்குத்தான் வந்தேன், எனக்கு முகமும் தெரியாது. போனேன், குட் மார்னிங் சொன்னேன், கையை நீட்டச் சொன்னேன், போட்டேன். அந்த மனுஷன் கேட்டார் பாப்பா, இது என்ன ஊசிம்மான்னு கேட்டார். நான் சொன்னேன், வழக்கமாப் போடறதுதாங்கன்னு. ஊசியை விட அந்த வார்த்தைதான் இன்னும் என்னைப் போட்டு அறுக்குது. அவர் கேட்டப்ப ஒரு நிமிஷம் நின்னிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

பன்னெண்டுக்கு வந்தேன். தபால்காரர் என்னைப் பார்த்து, சுகர் ஊசி போடாம டிபன் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, பசி உயிர் போகுது, சீக்கிரம் போடும்மான்னு சொன்னார். என் கையில இருந்த பன்னெண்டாம் நம்பர் சிரிஞ்ச் பெருசு, இன்சுலின் சிரிஞ்சே இல்ல. குப்புனு வேர்த்துடுச்சு எனக்கு. ஒரு நொடி, பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு நொடி, யாருக்கும் தெரியாதேன்னு மனசு சொல்லுச்சு. அப்புறம் வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினேன், ஏழுக்கு இன்சுலின் போட்டுட்டேன், ஆள் மாறிப் போச்சு, சுகர் பாருங்க, சுகர் பாருங்கன்னு. முப்பத்திரண்டு கட்டிலும் திரும்பிப் பார்த்துச்சு. எங்க செட்டுல பட்டாசுன்னு ஒருத்தி இருக்கா, நிமிஷத்துக்கு நூறு வார்த்தை பேசறவ, அவ பேச்சு நின்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். பெரியக்கா ஓடி வந்தாங்க. அவங்க கையை நீ பார்த்திருக்கணும், ஒரு பதட்டம் இல்ல. விரல்ல குத்தி சுகர் பார்த்தா தொண்ணூத்திரண்டு. குளுக்கோஸ் கரைச்சுக் குடிக்க வெச்சு, டாக்டருக்குச் சொல்லி அனுப்பி, நரம்புல ஊசி போட்டு ரெடியா வெச்சுட்டாங்க. அரை மணியில ஐம்பத்திநாலுக்கு இறங்குச்சு. தச்சருக்குக் கை நடுங்கி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினதும் ஏறுச்சு, மறுபடி இறங்குச்சு, மறுபடி ஏத்தினோம். கால் மணிக்கு ஒரு தடவை விரல்ல குத்திக்கிட்டே இருந்தோம். அந்த மருந்து உடம்புல மணிக்கணக்கா வேலை செய்யும், ஒரு தடவை ஏறிடுச்சுன்னு எழுந்து போயிட முடியாது. சாயங்காலம் வரைக்கும் அவர் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். பிழைச்சார். ஒரு மணி நேரம் கழிச்சு நான் பன்னெண்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ.

இதுவரைக்கும் என் தப்பு. இனிமேதான் சண்டை. அன்னிக்கு மாலையே நான் மேஜை டிராயரைத் திறந்து இன்சிடென்ட் ஃபாரம் தேடினேன். தப்பு நடந்தா எழுதி வெக்கிற ஃபாரம் அது, வகுப்புல அதுக்கு ஒரு பாடமே உண்டு. டிராயர்ல ஒரு கட்டு இருந்தது, கட்டின நூலே பிரிக்காம, மேல் தாள் மஞ்சளாப் போயிருந்தது. இத்தனை வருஷத்துல அந்த வார்டுல ஒரு தப்பும் நடக்கல பாரு, எல்லாரும் தெய்வப் பிறவிங்க. நான் நூலை அறுத்து எழுதினேன். என்ன போட்டேன், யாருக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு, அப்புறம் என்னென்ன பண்ணினோம், எல்லாம். கடைசியில எப்படி நடந்ததுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதினேன், இந்த வார்டுல ஊசிகளை ஒருவர் மொத்தமாக ஏற்றி, கட்டில் எண் மட்டும் ஒட்டி, ட்ரேயில் வைத்து, வேறொருவர் போடுவது வழக்கம், முப்பத்திரண்டு பேருக்குக் காலையில் இரண்டு நர்ஸ்களே இருக்கிறார்கள், அன்று ஆள் மாறியது ட்ரேயில் தெரியவில்லைன்னு. அவ்வளவுதான். அதுதான் நீ சொல்ற அந்த ஒரு வரி.

பெரியக்கா அதைப் படிச்சிட்டு, கிழிச்சுப் போடு, ஆள் நல்லா இருக்கார் இல்ல, உனக்கும் நல்லது எனக்கும் நல்லதுன்னாங்க. மாட்டேன்னேன். அவங்க கெட்டவங்களா இருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும் பாப்பா. மூணாம் கட்டில் கிழவருக்குத் தன் சாப்பாட்டைப் பிசைஞ்சு ஊட்டறவங்க அவங்க. இருபது வருஷம் இங்க நின்னு என் கால் நரம்பெல்லாம் சுருண்டு போச்சு, நீ மூணு வாரத்துல வந்து என்னைக் கோர்ட்ல நிறுத்தறியான்னு கேட்டாங்க. அழுகை வந்துடுச்சு எனக்கு. இருந்தும் மாட்டேன்னுதான் சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு பிரின்சிபால் கூப்பிட்டு டைப் அடிச்ச கடிதம் ஒண்ணை நீட்டினாங்க. எனது கவனக்குறைவால் மட்டுமே இத்தவறு நேர்ந்ததுன்னு ஆரம்பிச்சு அதோட முடியுது. ஃபாரத்தை வாபஸ் வாங்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டா எச்சரிக்கையோட விட்டுடுவோம், பரீட்சை எழுதலாம், இல்லேன்னா விசாரணைன்னாங்க. நான் கேட்டேன், மட்டுமேங்கற வார்த்தையை எடுத்துட்டு ட்ரே வரியைச் சேர்த்தா இப்பவே போடறேன், தப்பு என்னுதுன்னு நூறு தடவை எழுதித் தர்றேன்னு. முடியாதுன்னுட்டாங்க. எங்க செட்டுல மீதிப் பன்னெண்டு பேர்கிட்டயும் அப்படி ஒரு ட்ரே வழக்கமே கிடையாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. பட்டாசும் போட்டுட்டா. மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே அழுதா. சின்னப் பொண்ணு, வீட்டுல என்ன நெருக்கடியோ, சாப்பிடுடின்னு அதட்டிட்டு வந்தேன். அவளைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல, மூணு வாரம் நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்.

நான் பதினாறு வருஷம் கார்மென்ட் ஃபேக்டரியில செக்கரா நின்னவ, உனக்குத் தெரியும். அங்க ஒரு சட்டை வெட்டற மேஜையில இருந்து பொத்தான் தைக்கற மேஜை வரைக்கும் பத்து கை மாறும். எந்த ஆர்டர், எந்த சைஸ்னு எழுதின சீட்டு துணியோடயே போகும். யாராவது மேஜையில சீட்டு ஒட்டி வெப்பாங்களா? வெச்சா சூப்பர்வைசர் சிரிப்பார். சட்டைக்குத் தெரிஞ்ச மரியாதை மனுஷனுக்குத் தெரியலை, மனுஷனை விட்டுட்டுக் கட்டிலுக்குப் பேர் வெச்சுட்டோம். காலர் கோணினா காரணம் கேட்டுத் திருப்பி அனுப்பின நான், மனுஷ உயிர்ல கோணினதைப் பூசி மெழுகணுமாம். மாப்பிள்ளை உங்கிட்ட சொன்னாராமே, உலகத்துல எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் நடக்கும், அத்தை எதுக்கு வீம்பு பிடிக்கறாங்கன்னு. அவர்கிட்ட சொல்லு, அத்தைக்கு வீம்புதான், பிறவி வீம்பு, அந்த வீம்பு இல்லேன்னா நாப்பத்தஞ்சு வயசுல வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் புத்தகப் பையைத் தூக்கியிருக்க மாட்டாங்கன்னு.

இன்னொண்ணு உங்கிட்ட சொல்லல. தச்சர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அன்னிக்கு நான் கத்தினது அவருக்கு அரைகுறையாத்தான் விளங்கியிருக்கு, கேட்டதுக்கு வார்டுல, வெறும் வயித்துல இருந்ததால மயக்கம்னு சொல்லி வெச்சிருந்தாங்க. மூணாம் நாள் போய் நின்னேன், உங்களுக்கு வேற ஆளோட ஊசியை மாத்திப் போட்டது நான்தான், அதனாலதான் அப்படி ஆச்சுன்னேன். மன்னிச்சுட்டேன்மான்னு சொல்வார்னு நினைச்சியா? கிழி கிழின்னு கிழிச்சார். உனக்குக் கண்ணு தெரியாதா, நான் பலகை அளக்கறப்ப ரெண்டு தடவை அளந்துட்டுத்தான் அறுப்பேன், வெறும் பலகைக்கே ரெண்டு தடவை, நீ ஆளைக் கேக்காமக் குத்துவியான்னு கேட்டார். கையைக் கட்டிக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டேன், அத்தனையும் நியாயம். அன்னியில இருந்து டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு மாத்திரையைக் கூட சும்மா வாங்கல. பேர் என்ன, எதுக்கு, என் சீட்டுல இருக்கா, காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். டீ கொண்டு வந்தவரைக் கூட இது என் டீதானான்னு கேட்டார்னா பார்த்துக்கோ. பக்கத்துக் கட்டில்காரங்களும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பெரியக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க, எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்தது.

இது வரைக்கும் செவ்வாய்க்கிழமை எழுதினது. இன்னிக்கு வெள்ளி, நேத்து விசாரணை முடிஞ்சது. மூச்சு விட்டு உக்காந்து மீதியை எழுதறேன். நடுவுல குழாய் ரிப்பேர், சமையல்கட்டெல்லாம் தண்ணி, ஊர்ல இருக்கிற பஸ்ஸுக்கெல்லாம் எஞ்சின் மாத்தற உங்கப்பாவுக்கு ஒரு குழாய்க்கு வாஷர் மாத்தத் தெரியல, கடைசியில மாடி வீட்டு டீச்சரம்மா வந்து மாத்திக் குடுத்துட்டுப் போனாங்க.

விசாரணையில நாலு பேர். பிரின்சிபால், வார்டு டாக்டர், ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், பெரியக்கா. எனக்கு ஒரு நாற்காலி, எதிர்ல நாலு நாற்காலி. அதே டைப் கடிதத்தை மறுபடி நீட்டினாங்க. பெரிய டாக்டர் ரொம்ப மரியாதையா, உங்க வயசுக்கு உலகம் எப்படி நடக்குதுன்னு தெரியணும்மான்னார். வயசானதாலதான் சார் நான் எழுதறேன், இருபது வயசுப் பொண்ணு எழுதினா நீங்க மிரட்டி வாங்கிடுவீங்க, வாங்கியும்தான் இருக்கீங்கன்னேன். நாக்கு என் பேச்சைக் கேக்கல பாப்பா, அது பாட்டுக்குப் போச்சு. வார்டு டாக்டர், பன்னெண்டு பேர் இல்லேங்கறாங்க நீங்க ஒருத்தர் இருக்குங்கறீங்க, அப்ப அவங்க எல்லாரும் பொய்யான்னு கேட்டார். அவங்களை விடுங்க சார், ட்ரே இப்பவும் மருந்து அலமாரி மேல்தட்டுல இருக்கு, பிளாஸ்டர் பிசுக்கோட இருக்கு, பத்து அடி நடந்தா பார்த்துடலாம், வாங்க போலாம்னேன். யாரும் எழுந்திருக்கல. நீங்க தப்பு பண்ணினவங்க, நீங்க எங்களைக் கேள்வி கேக்கறீங்களான்னு பிரின்சிபால் கேட்டாங்க. ஆமா மேடம், தப்பு பண்ணினவளுக்குத்தானே அது எப்படி நடந்ததுன்னு தெரியும், பண்ணாதவங்களைக் கேட்டா என்ன தெரியும்னேன்.

அதுவரைக்கும் பெரியக்கா குனிஞ்ச தலை நிமிரல. பெரிய டாக்டர் அவங்க பக்கம் திரும்பி, சிஸ்டர், இந்தம்மா சொல்ற மாதிரி ஒரு பழக்கமே உங்க வார்டுல கிடையாது, சரிதானேன்னு கேட்டார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு என்ன வந்துச்சோ தெரியல, முகமெல்லாம் சிவந்து போச்சு. முப்பத்திரண்டு பேருக்கு ரெண்டு கையை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரத்துல ஒவ்வொருத்தருக்கா ஏத்திப் போடறது எப்படின்னு உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒரு நாள் வந்து காட்டுங்க சார், காட்டினா அந்த ட்ரேயை அன்னிக்கே நான் தூக்கிக் குப்பையில போடறேன்னு சொல்லிட்டாங்க. சொல்லி முடிச்ச அப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே உறைச்சது. இல்லவே இல்லாத ட்ரேயை எப்படித் தூக்கிப் போட முடியும்? பிரின்சிபால் பேனாவை வெச்சுட்டாங்க. எனக்கு ஜெயிச்ச சந்தோஷமே வரல. எழுந்து போய்ப் பெரியக்கா கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்தது.

தீர்ப்பைக் கேளு. நோயாளியை அடையாளம் கேக்காம ஊசி போட்டதுக்காக எனக்கு ஆறு மாசம் வார்டு பயிற்சி மறுபடி, அதே வார்டுல, ஒரு நாள் கூட லீவு கிடையாது, பரீட்சை அதுக்கு அப்புறம். ஃபாரம் ஃபைல்ல இருக்கும், ட்ரே வரியோட, ரெண்டு நர்ஸ் வரியோட, ஒரு எழுத்துக் குறையாம. ஆள் பத்தாததைப் பத்தி மேலிடத்துக்கு எழுதறோம்னு வாயால சொன்னாங்க, எழுதினா பார்ப்போம். என் தண்டனைத் தாள்ல நான் மறுபேச்சு இல்லாமக் கையெழுத்துப் போட்டேன், அது எனக்கு வர வேண்டியதுதான். இன்னிக்குக் காலையில வார்டுக்குப் போனா ட்ரே அதே இடத்துல இருந்தது. ஆனா ஒவ்வொரு சிரிஞ்ச் மேலயும் நம்பருக்குக் கீழ ஆள் பேரும் மருந்து பேரும், பெரியக்கா கையெழுத்துல. நான் அதையும் தொடல. குப்பியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கிட்டுக் கட்டில் கட்டிலாப் போய், உங்க பேர் என்னங்கன்னு கேட்டு, அங்கயே ஏத்தி, அங்கயே போட்டேன். எனக்குக் குடுத்த எட்டுப் பேரை முடிக்கறதுக்குள்ள டாக்டர் ரவுண்டே வந்து போயிடுச்சு. எல்லாரும் முறைச்சாங்க. முறைக்கட்டும். நாளைக்கும் இப்படித்தான்.

இப்ப உன் முதல் கேள்விக்கு வர்றேன், இத்தனை நேரம் அதைத்தான் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருக்கேன். உன் பிரசவத்துக்கு நான் வர முடியாது பாப்பா. எழுதிட்டேன். இந்த வரியை எழுதத்தான் நேத்துல இருந்து கை வரல. ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டுப் பெத்த பொண்ணைக் கைவிட்டுட்டான்னு நீ நினைச்சா நான் தாங்க மாட்டேன், ஆனா நினைக்க உனக்கு உரிமை இருக்கு. உனக்கு வலி எடுக்கறப்ப நான் இங்க எவரோ ஒருத்தர் கையில பேண்டேஜ் சுத்திக்கிட்டு இருப்பேன், என் மனசு என்ன பாடு படும்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கப்பா வர்றார். டிப்போவுல லீவு சொல்லிட்டார். அவருக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியுமான்னு கேக்காதே, நான் ஃபேக்டரி ஷிப்ட்ல இருந்தப்ப உன்னைக் குளிப்பாட்டித் துடைச்சுத் தூங்க வெச்சதெல்லாம் அவர்தான், உனக்குத்தான் ஞாபகம் இல்ல. சமையல்ல மட்டும் அவரை நம்பாதே. பேரனோ பேத்தியோ, அதோட முதல் அழுகையை அவர் கேக்கப் போறார், நான் போன்ல கேக்கப் போறேன். பொறாமையா இருக்கு. அழுகையும் வருது. போகட்டும்.

போன வாரம் நீ எரிச்சலா ஒண்ணு சொன்ன. அங்க ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்க வந்தவ உன் பேர் கேட்டா, பிறந்த தேதி கேட்டா, கையில கட்டியிருக்கிற பட்டையைப் படிச்சுப் பார்த்தா, அப்புறம் மாத்திரை குடுக்க வந்தவளும் அதையே கேட்டா, மறுபடி இன்னொருத்தி, இவங்களுக்கெல்லாம் மறதி வியாதியாம்மான்னு சிரிச்ச. அந்த வரியால யாருக்கு லாபம்னு கேட்டியே, அதுக்கு பதில் உன் கையிலேயே கட்டியிருக்கு பாப்பா. அந்தப் பட்டை சும்மா வந்திருக்காது. அங்கயும் என்னை மாதிரி எவளோ ஒருத்தி ஆளைக் கேக்காமக் குத்தியிருப்பா. கட்டில்ல இருந்தது யாரோட பொண்ணோ. பக்கத்துல எல்லாரும் கிழிச்சுப் போடு, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லதுன்னு சொல்லியிருப்பாங்க. அவ கிழிக்காம எழுதி வெச்சிருக்கா. அவளுக்கு என்ன தண்டனை குடுத்தாங்களோ, எந்தப் பொண்ணு பிரசவத்துக்கு அவளால போக முடியாமப் போச்சோ, நமக்குத் தெரியாது. பேர் தெரியாத அந்த மகராசி எழுதின வரிதான் இப்ப உன் பக்கத்துல நிக்குது, நான் நிக்க வேண்டிய இடத்துல.

நல்லா இரு கண்ணு. தாய் வேற பிள்ளை வேறயா நல்லபடியாப் பிரியணும், நீ சுகமா எழுந்து உக்காரணும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடாதே, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடு. இன்னும் ஒண்ணே ஒண்ணு, மறக்காதே. அங்க யார் ஊசியோட வந்து உன் பேர் என்னன்னு கேட்டாலும், பத்தாவது தடவையா இருந்தாலும், சலிச்சுக்காம முழுப் பேரைச் சொல்லு. கேக்காம வந்தா கையைக் குடுக்காதே.

இப்படிக்கு,
இன்னும் ஆறு மாசத்துக்கு மாணவியா இருக்கப் போற
உன் அம்மா